சொந்தக்காரர், முறை, ஒப்பம்

தண்ணீர் முடிந்து காற்றை உறிஞ்சத் தொடங்கியதும் பம்பின் சத்தம் மாறிவிடும். சளி பிடித்தவன் தொண்டையைச் செருமுவதுபோல இருக்கும். ஏழாவது பாத்தியில் மண்வெட்டியோடு நின்ற செபநாயகம் அந்தச் சத்தத்தைக் கேட்டு வாய்க்காலைத் திரும்பிப் பார்த்தான். வந்துகொண்டிருந்த தண்ணீர் நூலாக மெலிந்து, செம்பாட்டு மண்ணுக்குள் இறங்கி மறைந்தது. இன்னும் இருபத்துமூன்று பாத்திகள் நனையாமல் கிடந்தன.

ஓடிப்போய்ப் பம்பை நிறுத்திவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தான். அடியில், வெள்ளைக் கல்லின்மேல், ஒரு முழத் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. மறுபடி ஊற இரண்டு மணித்தியாலம் வேண்டும். அதற்குள் சோளகக் காற்று நனைந்த பாத்திகளையும் காயவைத்துவிடும். வெங்காயத் தாளின் நுனிகள் இப்போதே மஞ்சளாகி வளைந்திருந்தன.

அவன் மனைவி சுகிர்தம் தேநீர்ச் செம்பையும் பனங்கட்டித் துண்டையும் கொண்டுவந்து வரம்பில் வைத்தாள். சங்கக்கடைக்குக் கூப்பன் சீனி கடைசியாக வந்து ஒரு மாதமாகியிருந்தது.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது. போன கிழமை பத்துப் பாத்திக்குக் கண்டது. இண்டைக்கு ஏழு."

"இஞ்சேருங்கோ, யோசியாதையுங்கோ. விதானையார் சொன்ன அலுவலைப் பாத்தால் என்ன?"

விதானையார் சொன்ன அலுவல் இதுதான். அது வெளிநாட்டு வெங்காயத்தையும் மிளகாயையும் அரசாங்கம் மறித்து வைத்திருந்த காலம். உள்ளூரில் விளையவேண்டும் என்பதற்காகத் தோட்டக் கிணறுகளை ஆழமாக்க மானியம் கொடுத்தார்கள். கல்லை வெடி வைத்து உடைத்துத் தோண்டினால், வந்து பார்த்துச் செலவில் பாதியைத் தருவார்கள். உடுவிலில் இந்தக் கிணற்றுக்கும் ஒரு படிவம் வந்திருந்தது. கொண்டுவந்து கொடுத்தவர் தில்லைநாதன். அவருடைய உத்தியோகத்தின் பெயரைக் கிராமசேவகர் என்று மாற்றிப் பத்து வருடம் கடந்தும், ஊருக்கு அவர் விதானையார்தான்.

செபநாயகத்துக்கு இருந்தது இந்தப் பத்துப் பரப்புத் தோட்டத் தறை மட்டும். இந்தப் போகம் தவறினால் அதைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, சுகிர்தத்தையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வன்னிக்குப் போய்க் கூலி வேலை பார்க்கவேண்டும். அதை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் சுகிர்தம் ஒரு கிழமையாகப் பழைய துணிகளைத் தனியாக மடித்து வைத்துக்கொண்டு வந்தாள். அதை அவனும் கண்டிருந்தான்.

மத்தியானம் மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் தின்றபின் சுகிர்தம் படிவத்தை எடுத்துவைத்து எழுதினாள். மிசன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரை படித்தவள். அச்சடித்ததுபோல எழுத்து. மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல்களால் செபநாயகம் எழுதினால் காகிதம் கிழிந்துவிடும். அவன் கையெழுத்தை மட்டும் போட்டான்.

அடுத்த நாள் காலை விதானையார் தன் வீட்டு வாசலில் கதிரை போட்டிருந்து படிவத்தை வாசித்தார். வாசித்துக்கொண்டு போனவர் ஓரிடத்தில் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"செபநாயகம், இது கிணறு வெட்டவோ, கலியாண வீட்டுக்குச் சொல்லவோ?"

படிவத்தில் மூன்று நிரல்கள் இருந்தன. முதலாவது 'சொந்தக்காரர்'. இரண்டாவது 'முறை'. மூன்றாவது 'ஒப்பம்'. கிணறு யார் யாருக்குச் சொந்தம், யாருக்கு எத்தனையாவது இறைப்பு முறை என்பதை அரசாங்கம் கேட்டிருந்தது. சொந்தக்காரர் என்றால் இனசனம் என்றும், முறை என்றால் அவர்கள் என்ன முறை என்றும் சுகிர்தம் நினைத்துவிட்டாள். அழகான எழுத்தில் எழுதியிருந்தாள்:

பரமலிங்கம் — தமையன்.
தங்கமுத்து — மாமி.
இளையதம்பி — மச்சான்.

செபநாயகத்தின் முகம் கறுத்துவிட்டது. "விசரி! வேறை படிவம் ஒண்டு தாங்கோ விதானையார்."

"வேறை எங்கை? கிணத்துக்கு ஒண்டுதான் தந்தவை. நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குள்ளை அரசாங்கக் கந்தோரிலை குடுக்கவேணும். வெட்டித் திருத்தினாலும் எடுக்க மாட்டாங்கள்." சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் சொன்னார்: "ஒண்டு செய்யும். அவ எழுதினது கிடக்கட்டும். பக்கத்திலை முதல் முறை, ரண்டாம் முறை எண்டு எழுதும். நல்ல காலம், பங்குக்காரர் எல்லாரும் உம்மடை இனசனமாப் போச்சு. பேர் ஒண்டும் பிழைக்கேல்லை."

அது உண்மை. அந்தக் கிணற்றை வெட்டியவர் செபநாயகத்தின் பேரனார், தகப்பனைப் பெற்றவர். அவருக்கு இரண்டு ஆண், இரண்டு பெண். மூத்த மகன் வழியில் பரமலிங்கம். அவருக்கு முதல் முறை. இளைய மகன் பள்ளிக்கூடத்தில் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவரானார். அவர் மகன் செபநாயகத்துக்கு இரண்டாம் முறை. மகள் தங்கமுத்து இன்னும் இருக்கிறார். மற்ற மகளின் பிள்ளை இளையதம்பி. கடவுளைக் கும்பிடும் இடம் வேறானபோதும் தண்ணீர் குடித்த கிணறு ஒன்றாகவே இருந்தது.

"நாலு ஒப்பமும் வேணும்," என்றார் விதானையார். சிரிப்பு நின்றுபோயிருந்தது. "பரமலிங்கத்தாரும் வைக்கவேணும். ஒண்டு குறைஞ்சாலும் மானியம் இல்லை. நீங்கள் ரண்டுபேரும் கதைக்கிறேல்லை, என்ன?"

"மூண்டு வருசம்."

"ஏன் எண்டு கேக்கேல்லை. எனக்குத் தெரியும். போம்."

செபநாயகம் முதலில் தங்கமுத்து மாமியிடம் போனான். அவர் முற்றத்தில் பிளந்த பனங்கிழங்கை ஒடியலுக்குக் காயவைத்துக்கொண்டு இருந்தார். ஒப்பம் வைக்கத் தெரியாது, பெருவிரலில் மை தடவினார். "என்னை மாமி எண்டு எழுதினவளோ? அவள் வாய்க்குள்ளை சக்கரை போடவேணும். போன மாசம் சங்கக்கடையிலை என்ரை கூப்பன் காட்டிலை கிழவி எண்டு எழுதிப்போட்டாங்கள்."

இளையதம்பி வேலிக்குக் கதியால் நட்டுக்கொண்டு நின்றார். பேனையை வாங்கிக்கொண்டு யோசித்தார். "மச்சான் எண்டு கவுண்மேந்திலை பதிஞ்சாச்சு. இனி உன்ரை தங்கச்சியைக் கட்டித் தந்தால்தான் ஒப்பம்."

"எனக்கேது தங்கச்சி?"

"அந்தத் துக்கத்திலைதான் வைக்கிறன்." ஒப்பத்தை வைத்துவிட்டுப் பரமலிங்கத்தின் பெயருக்கு எதிரே இருந்த வெறுமையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "இதிலை நீயே ஒரு கோட்டைக் கீறிவிடன். ஆர் பாக்கப் போறாங்கள்? அவருக்கும் சேத்துத்தானே தண்ணி."

செபநாயகம் படிவத்தை மடித்துக்கொண்டு வெளிக்கிட்டான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கோடு அவன் கண்ணுக்குள் நின்றது. வளைந்து வளைந்து ஓடும் ஒரு சின்னக் கோடு. மானியம், வெடி, ஊற்று, வெங்காயம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அதில் தொங்கிக்கொண்டிருந்தன. வீட்டில் பேனையைக் கையிலும் எடுத்துவிட்டான்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த சுகிர்தம் நிமிர்ந்து பார்த்தாள். தன் பிழையைக் கேட்டு முன்னமே வெட்கப்பட்டிருந்தவள்.

"என்ன செய்யிறியள்?"

"இளையதம்பி சொல்லுறான்..."

"அண்டைக்கு அவரின்ரை முறையைக் களவெடுத்தது காணாதெண்டு இப்ப ஒப்பத்தையும் களவெடுக்கப் போறியளோ?"

பேனை கீழே போய்விட்டது. மூன்று வருடத்தில் அவள் அந்தக் கதையை எடுத்தது அதுதான் முதல் தடவை.

நல்லூர்த் தேரன்று நடந்தது அது. அன்று பரமலிங்கத்தின் முறை. அவர் மகளுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்து மாறாமல் இருந்ததால், முருகனுக்கு நேர்ந்து, அதிகாலையிலேயே நடந்து போயிருந்தார். கோயில் வீதியில் உருண்டு பிரதட்டை செய்யும் நேர்த்தி. அவர் வர மாலையாகும் என்று எண்ணி, செபநாயகம் பம்பைக் கொண்டுபோய்ப் போட்டு, பின்னேரம்வரை ஊற ஊறக் கிணற்றை வற்ற இறைத்தான். மாலையில் கிணறு ஊறியிருக்கவில்லை. முந்தியநாள் நட்ட பரமலிங்கத்தின் மிளகாய்க் கன்றுகள் வெயிலில் சுருண்டு செத்துக் கிடந்தன. அன்றைக்குப் பிறகு பேச்சில்லை. ஒவ்வொரு இரவும் குடும்பமாக முழங்காலில் இருந்து தன் பிழைகளைப் பொறுக்கும்படி கர்த்தரிடம் கேட்கிற செபநாயகம், அந்த ஒரு பிழையை மட்டும் அடுத்த வளவுக்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தான்.

"எழும்பிப் போங்கோ," என்றாள் சுகிர்தம். "நான் இஞ்சை இருந்து செபிக்கிறன். நீங்கள் அங்கை போய்க் கதையுங்கோ."

பரமலிங்கம் பந்தலின்கீழ் இருந்து விதை வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது. படலை திறந்த சத்தம் கேட்டு ஒருதரம் பார்த்தார். பிறகு வெங்காயத்தைப் பார்த்தே சொன்னார்:

"இராசமலர், படலையிலை ஆரோ நிக்கினம். என்ன வேணும் எண்டு கேள்."

குசினியிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "வாங்கோ செபநாயகம். அவர் என்ன வேணும் எண்டு கேக்கிறார்."

"மச்சாள், ஒரு ஒப்பம் வேணும் எண்டு சொல்லுங்கோ. கிணத்து மானியத்துக்கு."

"ஒப்பம் வேணுமாம்."

"எனக்கு மருதனார்மடத்திலை வேறை கிணறும் தறையும் இருக்கெண்டு சொல்லு. இந்தக் கிணறு வத்தினால் என்ன, தூந்தால் என்ன."

"மருதனார்மடத்திலை..." என்று தொடங்கிய இராசமலர் நிறுத்திவிட்டார். "நான் என்ன தபால்காரியோ? அடுப்பிலை பிட்டு அவியுது. ரண்டு பேருக்கும் வாய் இருக்கு, ஆறடிதான் தூரம்." சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

செபநாயகம் கிட்டப்போய்ப் படிவத்தை நீட்டினான். அவர் வாங்கவில்லை. அதை வெங்காயக் குவியலின்மேல் வைத்தான். காற்றுத் தூக்கப் பார்த்தது. தன்னை அறியாமலே பரமலிங்கம் கையால் அதை அமத்திவிட்டார். அமத்தினபின் வாசிக்காமல் இருக்க முடியவில்லை. நூல் கட்டிய கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

வெகுநேரம் வாசித்தார்.

"உதென்ன, தமையன் எண்டு கிடக்கு?"

அவர் விரல் அந்த வரியிலேயே நின்றது.

"ஒண்டைவிட்ட எண்டுகூடப் போடேல்லை. வெறும் தமையன். ஆர் எழுதினது?"

"சுகிர்தம்."

"நீ சொல்லித்தான் எழுதினவவோ?"

ஓம் என்றால் போதும். கேட்ட குரலிலேயே கதவு பாதி திறந்திருந்தது. ஆனால் ஒரு பொய்யைக் கொடுத்து வாங்கும் தண்ணீர் எத்தனை நாளைக்கு இனிக்கும்?

"இல்லை. நான் சொல்லேல்லை. சொந்தக்காரர் எண்டதை இனசனம் எண்டு பிழையா விளங்கி எழுதிப்போட்டாள்."

"பிழையோ?" பரமலிங்கம் படிவத்தை அவன் பக்கம் திருப்பினார். "இதிலை எது பிழை? எங்கை, காட்டு பாப்பம்."

செபநாயகம் பார்த்தான். பரமலிங்கம் — தமையன். காட்டுவதற்கு அதில் பிழை ஒன்றும் இருக்கவில்லை.

"பக்கத்திலை முதல் முறை எண்டு கோழி கிளறினமாதிரிக் கிடக்கு. அது உன்ரை எழுத்து. முதல் முறை ஆருக்கு எண்டு உனக்குத் தெரியும் போலை."

"தெரியும்." செபநாயகம் வெங்காயத் தாள்களுக்கு நடுவே குந்தினான். "தேரண்டும் தெரியும். நீங்கள் வரமுதல் ஊறிவிடும் எண்டு நினைச்சன். ஊறேல்லை. நான் செய்தது களவு. மூண்டு வருசமா அதைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை, அண்ணை."

கடைசிச் சொல் தானாக வந்து விழுந்தது. பரமலிங்கத்தின் கை கட்டிக்கொண்டிருந்த பிடியில் நின்றது.

"நானூறு கண்டு," என்றார். "ஆனால் கண்டுக்காக இல்லையடா. கண்டு செத்தால் வேறை நடலாம். பிள்ளைக்காகக் கோயில் வீதியிலை உருண்டு எழும்பி, உடம்பெல்லாம் மண்ணோடை வந்து கிணத்தடியிலை நிக்கிறன். நீ என்னைக் கண்டனி. பிள்ளைக்கு என்ன மாதிரி எண்டு ஒரு வார்த்தை கேப்பாய் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். நீ பம்பைத் தோளிலை தூக்கிக்கொண்டு போட்டாய்."

செபநாயகத்துக்கு அது தெரியாது. இவ்வளவு காலமும் மிளகாய்க் கன்றுக்கு மட்டும்தான் அவன் மனதில் கணக்கு வைத்திருந்தான்.

"இப்ப கேக்கிறன் அண்ணை," என்றான் மெதுவாக. "பிள்ளைக்கு என்ன மாதிரி?"

"அவளுக்கென்ன, ஓடித் திரியிறாள்." பரமலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பேப்பரை வைச்சிட்டுப் போ."

"நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குள்ளை..."

"வைச்சிட்டுப் போ எண்டனான்."

படலையடியில் இராசமலர் ஓடிவந்து, வாழையிலையில் சுற்றிய சூடான குரக்கன் பிட்டைக் கையில் வைத்தார். "சுகிர்தத்திட்டைக் குடுங்கோ. வேலிப் பொட்டாலை அவ தாற கீரைக்கு நான் எப்ப கடன் தீக்கிறது?"

செபநாயகம் திகைத்துப்போனான். மூன்று வருடமாக ஆண்கள் முகம் திருப்பிக்கொண்டு போன வேலியில், பெண்கள் கை நுழையும் அளவுக்கு ஓலையை விலக்கி ஒரு பொட்டு வைத்திருந்தார்கள்.

அன்று அவனுக்கு ஆறுதலும் பயமும் மாறி மாறி வந்தன. சொல்லவேண்டியதைச் சொன்னது ஆறுதல். ஒப்பம் இல்லாமல் வந்தது பயம். "தராட்டிலும் பறவாயில்லை," என்றாள் சுகிர்தம், பிட்டைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்துகொண்டே. "போன வேலை முடிஞ்சுது." ஆனாலும் விடியும்வரை அவளும் புரண்டு புரண்டு படுத்தாள்.

காலையில் பரமலிங்கம் வீட்டுப் படலை பூட்டியிருந்தது. சைக்கிளும் இல்லை. மருதனார்மடத்துத் தறைக்குப் போயிருப்பார். ஒன்பது மணி, பத்து மணி. செபநாயகம் தாங்க முடியாமல் விதானையாரிடம் போனான்.

"என்ன இவ்வளவு பிந்தி?" என்றார் அவர். "கந்தோருக்கு வெளிக்கிட்டு நிக்கிறன்."

"பேப்பர் பரமலிங்கம் அண்ணையிட்டை. அவர் இன்னும்..."

"அவர் காலமை ஆறு மணிக்கே கொண்டுவந்து தந்திட்டார். நான் பல்லு விளக்கேல்லை." விதானையார் பையைத் திறந்து படிவத்தை எடுத்தார். "இந்தாரும், பாரும். இனிக் கந்தோரிலை நான் என்ன விளக்கம் சொல்லுறது?"

ஒப்பம் இருந்தது. தடித்த எழுத்தில் முழுப்பெயரும் எழுதி வைத்திருந்தார். ஆனால் விதானையார் விரல் காட்டியது அதை அல்ல. மேலே, முதல் வரியில், 'மனுதாரர் பெயர்: செபநாயகம்' என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில், எவரும் கேட்காத இடத்தில், அதே தடித்த எழுத்தில் ஒரு சொல் கூடியிருந்தது.

தம்பி.

கந்தோரில் ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விதானையார் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அனுமதி வந்து, ஆடி மாதம் வெடிக்காரர் சோமசேகரம் ஆட்களோடு வந்தார். பங்குக்காரர் நால்வரும் முதலில் தாங்களே செலவைப் போட்டார்கள். பரமலிங்கம் கேட்காமலே தன் பங்கைக் கொண்டுவந்தார். கிணற்றை இறைத்து, கல்லில் துளை போட்டு, மருந்தை இறுக்கித் திரி வைத்தார்கள். ஒழுங்கையில் ஆட்களையும் ஆடுமாடுகளையும் மறிக்கும் வேலையை இளையதம்பி எடுத்துக்கொண்டு, வெடியைவிடப் பெரிதாகச் சத்தம் போட்டார். வெடித்த கல்லைக் கூடை கூடையாக மேலே இழுத்தார்கள். தங்கமுத்து மாமி பெரிய பானையில் ஒடியற்கூழ் காய்ச்சினார். நான்கு வீட்டு ஆட்களும் பிலாவிலையில் குடித்தார்கள். ஐந்தாம் நாள், நாலடி இறங்கியபின், வடக்குப் பக்கக் கல்லிடுக்கில் விரல் மொத்தத்தில் ஊற்று வெடித்தது. சோமசேகரம் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார். "நல்ல தண்ணி. உப்பில்லை."

மேலே நின்ற சுகிர்தம் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள். பக்கத்தில் இராசமலர் "முருகா" என்றார்.

பிறகு கந்தோரிலிருந்து ஒரு ஐயா வந்து கயிறு விட்டு ஆழம் பார்த்தார். மூன்று மாதம் கழித்து மானியக் காசும் வந்தது. செபநாயகம் அதைப் பங்குப்படி நான்கு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தான். சுகிர்தம் மடித்து வைத்த துணிகள் முன்னமே பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டன.

ஆனால் அவர்கள் பிறகு பேசிப் பேசிச் சிரித்தது புதுத் தண்ணீர் இறைத்த முதல் நாளைப் பற்றித்தான். கிணறு நிரம்பிக் கிடந்தது. செபநாயகம் விடியற்காலையிலேயே தன் பம்பைத் தூக்கிவந்து பொருத்தி, வாய்க்காலைப் பரமலிங்கத்தின் தறைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருந்தான். அவர் மண்வெட்டியோடு வந்தார். வாய்க்காலைப் பார்த்தார். அந்தப் பக்கம் அவருடைய மிளகாய், ஆழ வேர்விட்டிருந்ததால் முந்தியநாள் பெய்த சிறு தூறலுக்கே தலை நிமிர்ந்து நின்றது. இந்தப் பக்கம் செபநாயகத்தின் வெங்காயம், மஞ்சள் தாளோடு மண்ணைப் பார்த்துக் கிடந்தது.

"முதல் முறை உங்கடை அண்ணை. போடட்டோ?"

பரமலிங்கம் குனிந்து, மண்வெட்டியால் ஒரே வெட்டில் வாய்க்காலின் வாயை அடைத்தார். மறுபக்கம் வெட்டித் திறந்தார்.

"முறை எண்டு பாத்தால் நீ எனக்குத் தம்பி," என்றார். "பம்பைப் போடு."